சம்பளத் துண்டை வாசிப்பது எப்படி: பேர் கணக்கிலிருந்து வருமான வரி வரை, இலங்கை மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது அடியில் இருக்கும் தொகைக்குத்தான். இந்த மாதம் கையில் எவ்வளவு என்பது அங்கே இருக்கிறது. ஆனால் ஓய்வு பெறும் நாளில் வரப்போகும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு, சேவைக்காலப் பணம், வருமான வரி பிடிக்கலாமா கூடாதா என்ற கேள்வி, இவை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தத் தொகைக்கு மேலே உள்ள வரிசைகள். அவற்றைப் பலர் பார்ப்பதே இல்லை.

ஒரு துண்டில் மூன்று வேறு தொகைகள் இருக்கின்றன. முதலாவது மொத்தச் சம்பளம். மேலதிக நேரம், கொடுப்பனவு, போனஸ் எல்லாம் சேர்ந்த இந்தத் தொகையை வைத்துத்தான் வருமான வரி பார்ப்பார்கள். இரண்டாவது ஈ.பி.எப். கணக்கிடும் சம்பளம். இதில் மேலதிக நேரச் சம்பளம் சேராது. மூன்றாவது கைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் போன மீதி. இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. “கையில் ஒன்றரை லட்சம்கூட வரவில்லை, பிறகு ஏன் வரி பிடித்தார்கள்?” என்ற கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கிறது. “நாள் சம்பளம் கூடியது, ஈ.பி.எப். மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?” என்பதும் அப்படித்தான்.

தொடங்குமுன்

கடைசி ஆறு மாதத் துண்டுகள், தேசிய அடையாள அட்டை, ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம், வங்கிப் புத்தகம், ஒரு எண்பது பக்கக் கொப்பி. இவ்வளவும் போதும். வழவழப்பான வெப்பத் தாளில் அச்சடித்துத் தரும் துண்டுகள் இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுப்படிப் பக்கம் வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அதனால் துண்டு கிடைத்த அன்றே கைபேசியில் படம் எடுத்து, மாதத்தின் பெயரோடு சேமியுங்கள். இருபது வருடம் கழித்து ஈ.பி.எப். குறைகிறது என்று முறையிடப் போனால், உங்கள் பக்கம் பேசும் ஒரே சாட்சி அந்தத் துண்டுதான்.

முதற்படி: நாளும் பேரும்

தோட்டத்தில் வேலை செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதை. செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காத நாளுக்கு அரைப் பேர் போடுவது பல தோட்டங்களில் நடக்கிறது. துண்டில் இது “21.5” என்பது போலப் புள்ளியோடு வரும். அந்தப் புள்ளி எந்த நாளில் விழுந்தது என்று கேட்க வேண்டுமானால் உங்களிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

கொப்பியில் நாளுக்கு ஒரு வரிசை எழுதுங்கள். திகதி, என்ன வேலை, காலை, பகல், மாலை நிறுவையில் விழுந்த கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த கிலோ, முழுப் பேரா அரைப் பேரா. எழுத்து வராதவர்களுக்குப் பிள்ளைகள் இரவில் எழுதிக் கொடுக்கலாம், இரண்டு நிமிட வேலை. நிறுவைத் தட்டின் முன்னால் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டு வாங்குவது மிகவும் முக்கியம். மாத முடிவில் கேட்டால் கணக்கப்பிள்ளை புத்தகத்தைத்தான் காட்டுவார். அன்றன்றே கேட்டால் புத்தகத்தைத் திருத்த முடியும்.

ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம். அது தனி வரிசையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிர்ணயத்துக்கு மேல் எடுத்த கொழுந்துக்கான காசும், வழக்கமான பேருக்கு வெளியே செய்த வேலைக்கான கைக்காசும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சேர்த்துப் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். சேர்ந்து கிடந்தால் ஈ.பி.எப். சரியா என்று யாராலும் பார்க்க முடியாது.

மாதச் சம்பளத்துக்குக் கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்பவருக்குக் கணக்கு வேறு. மேலதிக நேரத்துக்கு, மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலச் சம்பளம் வரும். அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். சம்பளம் 36,000 ரூபாய் என்றால் மணிக்கு 150, மேலதிக மணிக்கு 225. சம்பள நிர்ணய சபைகளின் கீழ் வரும் தொழில்களில் 240 க்குப் பதிலாக 200 ஆல் வகுப்பார்கள். எதன் கீழ் உங்களை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் பார்க்க முடியாது, ஆகவே நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் இங்கேயே ஒத்துப் பாருங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஹட்டன் பஜாரில் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் பிள்ளைக்கும், நுவரெலியா விடுதியில் பாத்திரம் கழுவுபவருக்கும், கண்டியில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். தேயிலைத் தோட்ட நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக 2024 இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் வருகை ஊக்குவிப்பாக 200 ரூபாயையும் சேர்த்து 1,750 என முன்வைத்தது. உங்கள் துண்டில் இந்த எண்கள் ஒன்றாகவா, தனித்தனியாகவா வந்திருக்கின்றன என்பதைக் குறித்து வையுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

இரண்டாம் படி: ஈ.பி.எப்., ஈ.டி.எப்.

ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8% பிடிப்பார்கள், முதலாளி தன் கையிலிருந்து 12% போட வேண்டும். ஆக 20%. ஈ.டி.எப். எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதற்கு முதலாளி மட்டும் 3% கட்டுவார், உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

அடிப்படை 1,350, மாதம் 22 பேர் என்று வைத்துக்கொள்வோம். 29,700 ரூபாய். உங்களிடமிருந்து 2,376 பிடிப்பார்கள். தோட்டம் 3,564 போட வேண்டும். கணக்கில் சேர வேண்டியது 5,940. ஈ.டி.எப். தனியே 891. அடிப்படை 1,550 என்றால் 34,100 ரூபாய்க்கு முறையே 2,728, 4,092, மொத்தம் 6,820, ஈ.டி.எப். 1,023. உங்கள் துண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கேதான் அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லின் கனம் தெரியும். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அடிப்படை 500 தான். வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்குக்கு 30 என்று மீதி பிரிந்து நின்றது. ஈ.பி.எப். 500 க்குத்தான் கணக்கிடப்பட்டது. 230 ரூபாய்க்கு 20% என்றால் நாளுக்கு 46 ரூபாய், மாதம் 22 நாளுக்கு 1,012 ரூபாய், முதுமைக்குச் சேராமல் போனது. ஆகவே சம்பள உயர்வு என்று அறிவித்தால், எவ்வளவு என்று கேட்டதோடு நிற்காதீர்கள். அதில் அடிப்படை எவ்வளவு என்றும் கேளுங்கள்.

பட்டணத்துக் கடைகளில் இதே காரியம் வேறு உருவில் நடக்கிறது. சம்பளம் 30,000 ரூபாயை, அடிப்படை 15,000, விசேட கொடுப்பனவு 15,000 என்று உடைத்து, முதல் பாதிக்கு மட்டும் ஈ.பி.எப். கட்டுவார்கள். சட்டம் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியையும் அது போன்ற மற்றப் படிகளையும் சேர்த்தே உழைப்பு வருமானம் என்கிறது. மாதா மாதம் தவறாமல் கொடுக்கும் தொகைக்கு வேறு பெயர் வைத்து ஈ.பி.எப். இலிருந்து தப்ப முடியாது. கழித்துவிடக் கூடியது மேலதிக நேரச் சம்பளம் போன்றவைதான்.

அடிக்கடி காதில் விழும் இன்னும் மூன்று கதைகளையும் ஒதுக்கி வையுங்கள். “தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு ஈ.பி.எப். போடுகிறோம்” என்பது தவறு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். “எங்களிடம் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள், எங்களுக்கு அது இல்லை” என்பதும் தவறு, ஒரே ஒருவர் இருந்தாலும் உண்டு. சட்டத்துக்கு வெளியே நிற்பது வீட்டு வேலையாட்கள், பத்துக்குக் குறைந்தோர் வேலை செய்யும் தர்ம ஸ்தாபனங்கள் போன்ற சில மட்டுமே. மூன்றாவது மோசமானது. சம்பளத்தில் 20% ஐயும் பிடித்துவிட்டு, “எல்லாம் உங்கள் கணக்குக்குத்தானே போகிறது” என்பார்கள். அந்த 12% முதலாளியின் கடன். அதை உங்கள் தலையில் கட்டுவது குற்றம்.

பிடித்த காசு கட்டப்பட்டதா என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் மத்திய வங்கிக்குப் போக வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 5% இலிருந்து 50% வரை மேலதிகக் கட்டணம் முதலாளிக்கு விழும். முதலாளி வழியாக வரும் கணக்குக் கூற்றை வாங்கி, மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் விடுபட்ட மாதம் தெரியாது. வருடத்தில் பன்னிரண்டு வரவு இருக்க வேண்டும். பத்துத்தான் இருக்கிறது என்றால், எந்த இரண்டு மாதம் என்று துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக் குறியுங்கள். கூற்று கிடைக்காவிட்டால் அடையாள அட்டையோடும் அங்கத்துவ இலக்கத்தோடும் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குப் போகலாம். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய இடங்களில் இருக்கின்றன. முறைப்பாட்டையும் அங்கேயே கொடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே முறையிடலாம், விலக வேண்டியதில்லை.

தோட்டக் காரியாலயத்திலும் ஸ்டோரிலும் (தேயிலைத் தொழிற்சாலை) உத்தியோகம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலருடைய பணம் மத்திய வங்கியில் இல்லை, தோட்ட உத்தியோகத்தர் சேமலாபச் சங்கத்தில் இருக்கும். கூற்றையும் அங்கேதான் கேட்க வேண்டும். அரசாங்க ஆசிரியர்களுக்கு ஈ.பி.எப். கிடையாது. அவர்கள் துண்டில் காணும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பிடித்தம் வேறு விஷயம்.

ஈ.டி.எப். ஐ வெறும் 3% என்று ஒதுக்க வேண்டாம். அங்கத்தவரின் பிள்ளை ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் தேறினால் உதவித்தொகை உண்டு. கண்ணில் வில்லை பொருத்தவும் இதய சத்திரசிகிச்சைக்கும் உதவி உண்டு. அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புறுதி உண்டு. தோட்டங்களில் இவற்றைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு, உரிமை இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. விண்ணப்பம் முதலாளியின் கையெழுத்தோடு போக வேண்டும்.

மூன்றாம் படி: பிடித்தங்கள்

8% போக மற்றப் பிடித்தங்கள் பெரும்பாலும் உங்கள் சம்மதத்தில் நிற்பவை. தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ் தவணை, வங்கிக் கடன், மரண உதவிச் சங்கம், கோயில் சந்தா, மின்சாரம், தேயிலைத் தூள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் காரியாலயத்தில் இருக்க வேண்டும். சங்கம் மாறியவர்களுக்குச் சில மாதம் இரண்டு சந்தா பிடிபடுவது வழக்கம். பழைய சங்கத்திலிருந்து விலகும் கடிதத்தின் பிரதியில் காரியாலய முத்திரையை வாங்கி வைத்திருந்தால், அதைக் காட்டி நிறுத்தலாம்.

அட்வான்ஸ் எடுத்த அன்று எத்தனை தவணை, தவணைக்கு எவ்வளவு, கடைசித் தவணை எந்த மாதம் என்று கொப்பியில் எழுதுங்கள். கடன் முடிந்த பிறகும் ஒரு தவணை கூடப் பிடிபடுவது இங்கேதான் அதிகம். 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 25 ரூபாய் முத்திரைக் கட்டணம் பிடிப்பார்கள், அது சரியான பிடித்தமே.

நான்காம் படி: வருமான வரி

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு வருமான வரி கிடையாது. நாளுக்கு 1,750 ரூபாய் வீதம் மாதம் 25 நாள், வருடம் முழுவதும் வேலை செய்தாலும் 525,000 ரூபாய்தான். வரி தொடங்குவது வருடத்துக்கு 1,800,000 ரூபாய்க்கு மேல். கணவன், மனைவி, பிள்ளைகளின் சம்பளத்தைக் கூட்டிப் பார்க்கவும் மாட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. பதினெட்டு வயதானவர்கள் டின் இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024 இல் வந்த விதி, எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்ற கதையாக லயத்துக்கு லயம் பரவியது. டின் என்பது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். அதை எடுத்ததால் ஒரு சதமும் கட்ட வேண்டி வராது. மாறாக, அது இல்லாவிட்டால் காசு போகும் ஓர் இடம் இருக்கிறது, பின்னால் வருகிறோம்.

சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியை ஏ.பி.ஐ.ரி. என்பார்கள். 2020 க்கு முன் பே வரி என்று இருந்ததன் இடத்தில் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து ஊழியரின் சம்மதம் கேட்காமலே பிடிக்க வேண்டும் என்றாயிற்று. அப்போது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த எல்லை மாதம் 150,000. வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும்.

வருடக் கணக்கில் 1,800,000 ரூபாய் விடுபடும். அதற்கு மேல் வரும் முதல் 1,000,000 க்கு 6%, அடுத்த 500,000 க்கு 18%, அதற்கடுத்த 500,000 க்கு 24%, இன்னொரு 500,000 க்கு 30%, மிஞ்சியது அத்தனைக்கும் 36%.

மாதக் கணக்கை நீங்களே போட ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்தச் சம்பளம் 150,000 வரை ஒன்றுமில்லை. 233,333 வரை என்றால் சம்பளத்தில் 6% எடுத்து 9,000 ஐக் கழியுங்கள். 275,000 வரை 18% எடுத்து 37,000 ஐக் கழியுங்கள். 316,667 வரை 24% எடுத்து 53,500. 358,333 வரை 30% எடுத்து 72,500. அதற்கு மேல் 36% எடுத்து 94,000. கண்டியில் வங்கியில் வேலை செய்பவருக்கு 185,000 என்றால் 6% 11,100, கழித்தால் 2,100 ரூபாய் வரி. 260,000 வாங்கும் முகாமையாளருக்கு 18% 46,800, கழித்தால் 9,800.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

சம்பளம் 160,000 ரூபாய். ஈ.பி.எப். 12,800 போனால் 147,200. ஒன்றரை லட்சத்துக்குக் குறைவு, எனவே வரி இல்லை என்று நினைப்பார்கள். வரி பார்ப்பது ஈ.பி.எப். பிடிக்கும் முன் உள்ள மொத்தச் சம்பளத்தில். ஆகவே 600 ரூபாய் பிடித்தது சரி. முதலாளி போடும் 12% உங்கள் வருமானமாகக் கணக்கில் வராது, அந்த அளவுக்கு ஆறுதல்.

அடுத்தது மேலதிக நேரம். மாதம் 140,000 வாங்கும் ஸ்டோர் உத்தியோகத்தர், கொழுந்து குவியும் ஒரு மாதத்தில் 30,000 ரூபாய்க்கு மேலதிக நேரம் செய்கிறார். அந்த மாதம் 170,000. வரி 1,200 பிடிபடும். வருடம் முழுவதையும் கூட்டினால் 1,710,000 தான் வருகிறது, வரியே வரக்கூடாது. அந்த 1,200 ஐ வருடாந்த வருமானப் படிவம் அனுப்பி மீளக் கேட்கலாம். தொகை சிறியது என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். நான்கு மாதம் இப்படிப் போனால் சிறியதல்ல.

போனஸ் இதற்கு நேர்மாறு. மாதம் 145,000, வரி கிடையாது. ஏப்ரலில் ஒரு மாதச் சம்பளம் போனஸாக வருகிறது. வருட மொத்தம் 1,885,000. எல்லைக்கு மேல் 85,000, அதன் 6% 5,100 ரூபாய் அந்தப் போனஸிலேயே பிடிபடும். பெருநாள் நேரத்தில் இது பெரிய அதிர்ச்சியாக இருக்கும். முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைத்தால் உடுப்புக் கடைக்குப் போகுமுன்னே தெரியும்.

இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குபவர்கள், எது முதன்மைத் தொழில் என்று ஒரு முதலாளியிடம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் 150,000 விடுபடுவது அங்கே மட்டும்தான். இரண்டு இடத்திலும் அந்தச் சலுகையை எடுத்தால் வருட முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

மார்ச் முடிந்ததும் முதலாளியிடமிருந்து ரி 10 சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வருடம் முழுவதும் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி என்பது அதில் இருக்கும். பன்னிரண்டு துண்டுகளின் வரிப் பிடித்தத்தையும் கூட்டி அதோடு ஒத்துப் பாருங்கள். உங்களிடம் பிடித்த வரியை முதலாளி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சம்பளத்துக்கு வெளியே வரும் காசு

மலையகத்தில் இதில் அகப்படுபவர்கள் பெரும்பாலும் டியூசன் நடத்தும் ஆசிரியர்கள். தலவாக்கலையில் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் மாதம் 95,000 என்று வைப்போம். மாலை வகுப்பில், மண்டப வாடகை, போட்டோகொப்பிச் செலவு எல்லாம் போக 70,000. இரண்டில் எதுவும் தனியே 150,000 ஐத் தொடவில்லை, ஆகவே எங்கேயும் வரி பிடிபடாது. கூட்டினால் வருடம் 1,140,000 உம் 840,000 உம் சேர்ந்து 1,980,000. எல்லைக்கு மேல் 180,000. வரி 10,800 ரூபாய். இதைப் பிடிக்க ஆளில்லாததால் அவரே கட்ட வேண்டும். ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணை. மீதி இருந்தால் செப்டெம்பர் 30. வருமானப் படிவம் நவம்பர் 30 க்குள். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான ஆண்டுக்கு இந்தக் கடைசி இரண்டும் 2026 இல் வரும். செலவுகளுக்குப் பற்றுச்சீட்டு இருந்தால்தான் கழிக்க முடியும், மண்டபக்காரரிடம் ஒவ்வொரு மாதமும் சீட்டு வாங்குங்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் அந்த வாடகையை இப்படியே சேர்க்க வேண்டும்.

இனி, டின் இலக்கம் இல்லாவிட்டால் காசு போகும் இடம். ஓய்வு பெற்ற ஒரு தாய், ஈ.பி.எப். உம் சேவைக்காலப் பணமும் சேர்த்து 1,500,000 ரூபாயை நிலையான வைப்பில் போடுகிறார். 8% வட்டி என்றால் வருடம் 120,000. 2025 ஏப்ரலிலிருந்து வங்கி வட்டியில் 10% ஐ வரியாகக் கழித்துக்கொள்கிறது. 12,000 ரூபாய் போய்விடும். அவருக்கோ வருட வருமானம் எல்லைக்கு எட்டாத் தூரத்தில் இருக்கிறது. வருமானம் 1,800,000 க்குள் என்று சுயபிரகடனப் படிவத்தை நிரப்பி, டின் இலக்கத்தோடு வங்கியில் கொடுத்தால் இந்தக் கழிவை நிறுத்தலாம். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஏப்ரலிலேயே கொடுப்பது நல்லது. இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

டின் இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையின் இரு பக்கப் படத்தோடு எடுக்கலாம். சந்தேகம் என்றால் 1944 க்கு அழைக்கலாம். பிள்ளையின் கைபேசியில் பதிவு செய்யும்போது தொடர்பு இலக்கமும் மின்னஞ்சலும் நிரந்தரமாக வீட்டில் இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். தோட்டத்து முகவரிக்குக் கடிதம் உரிய கையில் சேராமல் போவது நமக்குத் தெரிந்த கதை.

ஆறாம் படி: வேலையை விடும்போது

சேவைக்காலப் பணம் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி வருவது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடமும், முழுமையான ஐந்து வருட சேவையும் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்குப் பதினான்கு நாட் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில்தான் கணக்கு. 28 வருடம் வேலை செய்தவருக்கு 392 நாள். 1,350 இல் 529,200 ரூபாய். 1,550 இல் 607,600. வித்தியாசம் 78,400. சம்பள உயர்வு பேச்சில் இருக்கும்போது விலகல் கடிதம் எழுதப்போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் சேரும். ஒரு கோடி ரூபாய் வரையான சேவைக்காலப் பணத்துக்கு வரி இல்லை.

ஈ.பி.எப். ஐ ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். திருமணம் காரணமாக வேலையை விட்ட பெண்கள், நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனவர்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள் முன்னரே எடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30% எடுக்கவும் வழி உண்டு. பத்து வருட அங்கத்துவமும் கணக்கில் குறைந்தது 300,000 ரூபாயும் வேண்டும்.

எடுப்பதற்கான விண்ணப்பம் கே படிவம். முதலாளியின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, பீ காட் (ஈ.பி.எப். அங்கத்துவ அட்டை) ஆகியவற்றோடு தொழில் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். மாதக் கணக்கில் இழுபடும் விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெயரில்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் இராமாயி, அடையாள அட்டையில் ராமாய், ஈ.பி.எப். பதிவில் ஆர். ராமி. முப்பது வருடத்துக்கு முன் செக்ரோலில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. மூவரும் ஒருவரே என்று காட்டும் வேலை உங்களுடையதாகிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி, தோட்டத்தின் உறுதிக் கடிதம், இத்தனையும் தேவைப்படலாம். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போதே செய்தால் பழைய உத்தியோகத்தர்கள் இருப்பார்கள், செக்ரோல் புத்தகமும் இருக்கும். தோட்டம் கைமாறிய பிறகு அந்தப் புத்தகங்களைத் தேடுவது மிகவும் கடினம். இரண்டு மூன்று தோட்டத்தில் வேலை செய்தவருக்கு இரண்டு மூன்று அங்கத்துவ இலக்கங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், விடுபட்ட இலக்கத்தில் உள்ள காசு தானாகத் தேடி வராது.

பின்னுரித்தாளராக (நீங்கள் இறந்தால் காசைப் பெறுபவராக) யாருடைய பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் அதே பயணத்தில் கேட்டுவிடுங்கள். பதினெட்டு வயதில் பேர் பதிந்தபோது அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள், கல்யாணமாகி இருபது வருடமாகியும் மாற்றாமல் இருப்பார்கள். ஈ.டி.எப். க்கு விண்ணப்பம் தனி. வேலை மாறும்போதே அதை எடுக்கலாம், ஆனால் ஒரு முறை எடுத்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான்.